கிளம்பிய சில நிமிஷத்தில் விழுந்த விமானம்: நடிகை சவுந்தர்யா கதை

2004-ம் ஆண்டு ஏப்ரல் 17-ந்தேதி, சனிக்கிழமை. பாராளுமன்றத் தேர்தல் சூடு பறந்த நேரம்.

பெங்களூர் ஜக்கூர் விமான தளத்தில் இருந்து ஒரு குட்டி விமானம் கிளம்பியது. ஒற்றை என்ஜின் "செஸ்னா" ரகம். உள்ளே நடிகை சவுந்தர்யா, அவருடைய அண்ணன் அமர்நாத், இன்னொருவர், விமானி. ஆக மொத்தம் 4 பேர். அப்போது ஆந்திராவில் இருந்த கரீம்நகருக்கு பா.ஜனதா பிரசாரத்துக்காகப் பயணம்.

மேலே எழும்பி சில நிமிஷம்தான். பக்கத்தில் உள்ள விவசாயப் பல்கலைக்கழக வளாகத்தில் விமானம் "தடால்" என்று விழுந்து தீப்பிடித்தது. 4 பேரும் கருகி மாண்டார்கள்.

கிளம்பிய உடனே கோளாறு வந்தால் விமானிக்கு சமாளிக்க நேரமும் இல்லை, உயரமும் இல்லை. டாங்கியில் பெட்ரோல் வேறு இருக்கும். குட்டி விமானங்களுக்கு இதுதான் பெரிய கண்டம்.

டாக்டர் படிப்பு

சவுந்தர்யாவின் சொந்த ஊர் கர்நாடகத்தில் கோலார் பக்கம் முல்பாகல். நிஜப்பெயர் சவுமியா. அப்பா சத்யநாராயணா சினிமா எழுத்தாளர். மகள் டாக்டருக்குப் படித்தார். 1992-ல் கன்னடப் படத்தில் தலைகாட்டியதும் படிப்பு பாதியில் நின்றது.

அடுத்த வருஷமே "பொன்னுமணி"யில் கார்த்திக்குக்கு ஜோடி. அப்புறம் ரஜினியுடன் "அருணாசலம்", "படையப்பா". கமலுடன் "காதலா காதலா". விஜயகாந்துடன் "தவசி", "சொக்கத்தங்கம்". "படையப்பா"வில் வேலைக்காரப் பெண் வசுந்தராவாக வந்து, அடக்கத்தாலேயே ஆளைக் கவர்ந்தாரே, மறக்க முடியுமா? தெலுங்கில் அவர்தான் ராணி. அடுத்த சாவித்திரி என்றே அங்கே கொண்டாடினார்கள்.

தங்கத்தாமரை

சம்பாதித்த பணத்தில் மசாலா படம் எடுக்கவில்லை அவர். அணைத் தண்ணீரில் மூழ்கும் கிராமத்தை விட்டுப் போக மறுக்கும் குடும்பத்தின் கதையை "துவீபா" என்று கன்னடத்தில் தயாரித்து, தானே நடித்தார். சிறந்த படத்துக்கான தேசிய விருது, தங்கத்தாமரை கிடைத்தது.

2003-ல் கல்யாணம். ஒரு வருஷத்திலேயே எல்லாம் முடிந்தது. பெற்ற தாய்க்கு ஒரே நாளில் மகனும் இல்லை, மகளும் இல்லை.

அவர் இறந்து 4 மாதம் கழித்து, ஆகஸ்டில் "ஆப்தமித்ரா" கன்னடப் படம் வெளியானது. நாகவல்லியாக ஆவேசமாக ஆடும் வேஷம். தியேட்டரில் கூட்டம் அலைமோதியது. அதே கதைதான் 2005-ல் தமிழில் ஜோதிகா நடித்து "சந்திரமுகி" ஆனது.

திரையில் அவர் ஆடினார். கீழே ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே பார்த்தார்கள்.