கிறிஸ்டியான் ஹைகன்சும் இரு கடிகாரங்களும்

இவ்வாண்டு ஏற்காட்டிற்கு இன்பச் சுற்றுலா சென்றபோது, சேர்வராயன் கோயிலுக்கு இருவர் இருவராகக் கைகோத்து நடந்தோம். சமமான பாதையில் யாரும் சொல்லாமலே எங்கள் காலடிகள் ஒன்றாக விழுந்தன. கல்லும் மேடும் வந்ததும் தாளம் தவறியது. குகைக் கோயிலுக்குள் குனிந்து சென்று பார்த்துவிட்டு வெளியே வந்ததும், இதனை முதலில் ஆராய்ந்த அறிஞரைப் பற்றி எங்கள் அறிவியல் ஆசிரியை கூறினார். பின்பு நாங்கள் படித்தறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1629 ஏப்ரல் 14ஆம் நாள் ஹாலந்து நாட்டின் ஹேக் நகரில் பிறந்தார். தந்தையார் பெயர் பெற்ற கவிஞர். ஹைகன்ஸ் 1655இல் சனிக்கோளின் துணைக்கோளான டைட்டனைக் கண்டார். மறு ஆண்டில் ஊசல் கடிகாரத்தை உருவாக்கினார்.

அந்நாளில் நடுக்கடலில் கப்பல் எந்தத் தீர்க்கரேகையில் உள்ளது என்று அறிய நம்பத்தக்க வழியில்லை. வழி தவறிப் பாறையில் மோதி மாண்ட மாலுமிகள் பலர். புறப்பட்ட ஊரின் நேரத்தைத் தவறாமல் காட்டும் கடிகாரம் இருந்தால் அவர்கள் பிழைப்பார்கள். ஆகவே ஹைகன்ஸ் கடலுக்கென்று கடிகாரங்கள் செய்தார். ஒன்று நின்றுபோனாலும் மற்றொன்று ஓடட்டும் என்று இரண்டு!

1665 பிப்ரவரியில் அவர் நோயுற்றுப் படுத்திருந்தார். ஒரே மரச்சட்டத்தில் தொங்கிய அவ்விரு கடிகாரங்களையும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு வியப்பு உண்டாயிற்று. ஓர் ஊசல் வலப்புறம் போனால் மற்றது இடப்புறம் போகும், சிறிதும் பிசகவில்லை. அவரே ஒன்றைக் கலைத்துவிட்டார். அரைமணிக்குள் மீண்டும் ஒத்து ஆடின. காற்றுதான் காரணம் என்று முதலில் எண்ணினார். தூரத் தூர வைத்தபோது ஒற்றுமை குலைந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவில் சட்டம் அசைந்து, ஒன்றின் ஆட்டத்தை மற்றதற்குக் கொண்டு சேர்க்கிறது என்று முடிவில் கண்டறிந்தார். படுக்கையில் கிடந்தால் நாங்கள் கதைப்புத்தகத்தைத்தான் தேடுவோம்!

ஆனால் அக்கண்டுபிடிப்பே அவருடைய ஆசைக்கு எதிராயிற்று. இத்தனை சிறிய அசைவுக்கே இணங்கும் ஊசல், அலைகடலில் எப்படி நேரம் காட்டும் என்று இலண்டன் அரச கழகத்தார் ஐயுற்றனர். அவர்கள் ஐயம் சரியே. புயலில் ஊசல் தடுமாறியது. அடிக்கடி நோயால் வருந்திய ஹைகன்ஸ், கடற்கடிகார முயற்சியைக் கடைசிவரை விடவில்லை. அது நிறைவேறாமலே 1695 ஜூலை 8ஆம் நாள் ஹேக் நகரில் காலமானார்.

உயிர்களிடத்தும் இவ்வாறே நிகழ்கிறது. மலையேறியதும் படபடவென்று அடித்த எங்கள் இதயத்தில், துடிப்பைத் தொடங்கி வைக்கும் உயிரணுக்கள் பல்லாயிரம். தனியாக விட்டால் ஒவ்வொன்றும் சற்றே தாறுமாறாகத் துடிக்கும். அறிவியலார் இந்தத் தாறுமாற்றை இரைச்சல் என்பர். அது காதில் விழும் சத்தமன்று. அணுக்கள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் ஒன்றன் பிழையை மற்றவை ஈடுசெய்கின்றன. இணைப்பைவிட இரைச்சல் மிகுந்தால் ஒற்றுமை சிதறும். ஆயினும், எல்லாவற்றின் மீதும் ஒரே சமயத்தில் விழும் சிறு அதிர்வு, இணைப்பே இல்லாதவற்றையும் ஒன்றுபடுத்தக் கூடுமாம்!

நம் மதுரையிலும், காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எம்.கே. சந்திரசேகரன் குழுவினர் வௌவால்களை ஆராய்ந்து 1981இல் முடிவை வெளியிட்டனர். இருண்ட குகையில் கூண்டிலிருந்த வௌவால், மாலையில் தன் கூட்டம் புறப்படும் வேளையை ஒட்டியே விழித்துப் பறக்க முயன்றது. கூட்டமில்லாத குகையில் தனித்து வைத்த வௌவாலுக்கோ நாளுக்கு நாள் வேளை நகர்ந்துகொண்டே போயிற்று.