கிம் பெரோட்

கிம் பெரோட் (ஜனவரி 18, 1967 – ஆகஸ்ட் 19, 1999) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த தொழில்முறைக் கூடைப்பந்தாட்ட வீராங்கனை ஆவார். பெண்கள் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் (டபிள்யூ.என்.பி.ஏ.) ஹியூஸ்டன் காமெட்ஸ் அணியில் பந்துகையாளி பின்காவல் (பாயின்ட் கார்ட்) இடத்தில் ஆடினார். அவர் ஆடிய 1997, 1998 ஆகிய இரு ஆண்டுகளிலும் அவ்வணியே வாகை சூடியது. நுரையீரல் புற்றுநோயால் தமது 32 ஆவது வயதில் காலமானார். அச்சங்கம் சிறந்த விளையாட்டுப் பண்புக்காக ஆண்டுதோறும் வழங்கும் விருது இவரது பெயரைத் தாங்கியுள்ளது.

பிறப்பும் கல்வியும்

பெரோட் ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள லூசியானா மாநிலத்தின் லாஃபாயெட் நகரத்தைச் சேர்ந்தவர். பிரெஞ்சுப் பண்பாட்டின் தாக்கம் மிகுந்த பகுதி இது. அப்பகுதியின் அகேடியானா உயர்நிலைப் பள்ளியில் பயின்ற பெரோட், மேற்படிப்பையும் சொந்த ஊரிலேயே தொடர்ந்தார். 1986 முதல் 1990 வரை தென்மேற்கு லூசியானா பல்கலைக்கழக அணிக்காக ஆடினார். இப்பல்கலைக்கழகம் 1999 இல் லாஃபாயெட் லூசியானா பல்கலைக்கழகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

பெரோட்டின் உயரம் 5 அடி 5 அங்குலம் (165 செ.மீ.) மட்டுமே. உயரம் பெரும் நன்மையாகக் கருதப்படும் இவ்விளையாட்டில் இது குறைவான உயரமாகும். ஆயினும் கல்லூரிக் காலத்தில் அவர் புள்ளிகளைக் குவிப்பவராகவே அறியப்பட்டார். பிப்ரவரி 5, 1990 அன்று தென்கிழக்கு லூசியானா பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஆட்டத்தில் அவர் தனியாக 58 புள்ளிகள் எடுத்தார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் முதல் பிரிவுப் பெண்கள் ஆட்டங்களில் அதற்கு முன் ஒரே ஆட்டத்தில் அதைவிடக் கூடுதலாக எடுத்தவர் சிண்டி பிரவுன் ஆவார். லாங் பீச் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அவர் 1987 இல் 60 புள்ளிகள் எடுத்திருந்தார். 1989–90 பருவத்தில் பெரோட் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 30 புள்ளிகள் எடுத்து நாட்டிலேயே முதலிடம் பெற்றார்.

வெளிநாடுகளில் ஆட்டம்

1990 இல் பெரோட் கல்லூரி ஆட்டத்தை நிறைவு செய்தபோது ஐக்கிய அமெரிக்காவில் பெண்களுக்கென நிலையான தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கம் எதுவும் இல்லை. 1978 இல் தொடங்கப்பட்ட ஒரு சங்கம் மூன்று பருவங்களோடு 1981 இல் முடிவுற்றது. அதன் பின் வந்த முயற்சிகளும் நிலைக்கவில்லை. ஆகவே விளையாட்டையே தொழிலாகக் கொள்ள விரும்பிய அமெரிக்க வீராங்கனைகள் வெளிநாட்டுக் கழகங்களை நாடினர். பெரோட்டும் சுவீடன், ஜெர்மனி, இஸ்ரேல், பிரான்ஸ் ஆகிய நாடுகளின் அணிகளில் ஆடினார். நாட்டின் முதன்மையான புள்ளிக் குவிப்பாளராக விளங்கிய ஒருவர், தம் மக்களின் பார்வையில் படாமல் பல ஆண்டுகளைக் கழிக்க நேர்ந்தது.

1996 அட்லாண்டா ஒலிம்பிக் போட்டியில் ஐக்கிய அமெரிக்கப் பெண்கள் அணி தங்கப் பதக்கம் வென்றதைத் தொடர்ந்து இந்நிலை மாறியது. அதே ஆண்டில் அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கம் (ஏ.பி.எல்.) தன் முதல் பருவத்தைத் தொடங்கியது. ஜூன் 21, 1997 அன்று எட்டு அணிகளுடன் பெண்கள் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் ஆட்டங்கள் தொடங்கின. அப்போது பெரோட்டுக்கு வயது 30.

ஹியூஸ்டன் காமெட்ஸ்

புதிய சங்கம் வீராங்கனைகளை அணிகளுக்குப் பகிர்ந்தளித்தபோது எந்த அணியும் பெரோட்டைத் தேர்ந்தெடுக்கவில்லை. டெக்சாஸ் மாநிலத்தின் ஹியூஸ்டன் காமெட்ஸ் அணி நடத்திய தேர்வுப் பயிற்சியில் கலந்துகொண்டே அவர் அணியில் இடம் பிடித்தார். மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பயிற்றுநராக இருந்த வான் சான்சலர் இவ்வணியின் பயிற்றுநராகப் பொறுப்பேற்றிருந்தார். அணிக்குள் வந்த பெரோட் விரைவிலேயே முதல் ஐவருள் ஒருவரானார்.

அவ்வணியில் புகழ்பெற்ற மூவர் இருந்தனர். 34 வயதில் தாய்நாடு திரும்பியிருந்த சிந்தியா கூப்பர், 1996 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஷெரில் ஸ்வூப்ஸ், கல்லூரி வீராங்கனைகளுக்கான 1997 தேர்வில் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட டினா தாம்சன் ஆகியோரே அவர்கள். மூவரும் புள்ளி எடுப்பதில் வல்லவர்கள். ஸ்வூப்ஸ் மகப்பேறு காரணமாக முதல் பருவத்தின் பெரும்பகுதியில் ஆடவில்லை.

முதல் பருவத்தின் இறுதி ஆட்டம் ஆகஸ்ட் 30, 1997 அன்று ஹியூஸ்டனில் நடைபெற்றது. காமெட்ஸ் அணி நியூயார்க் லிபர்ட்டி அணியை 65–51 என்ற கணக்கில் வென்று சங்கத்தின் முதல் வாகையர் ஆனது.

1998 பருவத்தில் காமெட்ஸ் 30 ஆட்டங்களில் 27 ஐ வென்றது. மூன்றில் மட்டுமே தோற்றது. இறுதித் தொடரில் பீனிக்ஸ் மெர்க்குரி அணியிடம் முதல் ஆட்டத்தை 51–54 எனப் பறிகொடுத்தது. இரண்டாம் ஆட்டம் கூடுதல் நேரம் வரை சென்றது; அதில் 74–69 எனவும், மூன்றாம் ஆட்டத்தில் 80–71 எனவும் வென்று மீண்டும் வாகை சூடியது. அப்பருவத்தில் பெரோட் ஆட்டத்துக்குச் சராசரியாக 8.5 புள்ளிகளும், 4.7 புள்ளி உதவிகளும், 2.8 பந்துப் பறிப்புகளும் பெற்றார். பந்துப் பறிப்பில் சங்கம் முழுவதிலும் இரண்டாம் இடம் அவருக்குக் கிடைத்தது. சிறந்த தடுப்பாட்ட வீராங்கனைக்கான வாக்கெடுப்பிலும் நியூயார்க்கின் தெரேசா வெதர்ஸ்பூனுக்கு அடுத்த இடத்தைப் பெற்றார்.

ஆட்ட முறை

கூடைப்பந்தில் பந்துகையாளி பின்காவல் என்பவர் பந்தைத் தம் பகுதியிலிருந்து எதிரணியின் பகுதிக்குக் கொண்டு செல்பவர். எந்தத் திட்டப்படி ஆடுவது என்பதைச் சக வீரர்களுக்கு உணர்த்துபவரும், தக்க தருணத்தில் தக்கவரிடம் பந்தைச் சேர்ப்பவரும் இவரே. பெரோட் ஆடிய காலத்தில் பெண்கள் தேசியக் கூடைப்பந்துச் சங்க விதிகளின்படி, பந்து கைக்கு வந்த 30 நொடிகளுக்குள் ஓர் அணி கூடையை நோக்கி எறிந்துவிட வேண்டும். அந்த 30 நொடிகளைப் பயன்படுத்தும் பொறுப்பில் பெரும்பங்கு பந்துகையாளியினுடையது. ஒருவர் கொடுத்த பந்தைக் கொண்டு மற்றவர் உடனே புள்ளி எடுத்தால், கொடுத்தவரின் கணக்கில் ஒரு புள்ளி உதவி (அசிஸ்ட்) எழுதப்படும்.

கல்லூரியில் ஆட்டத்துக்கு 30 புள்ளிகள் எடுத்தவர் காமெட்ஸ் அணியில் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே எடுத்தார். இது ஆற்றல் குன்றியதைக் காட்டுவதன்று. கூப்பர், ஸ்வூப்ஸ், தாம்சன் ஆகிய மூவரையும் கொண்ட அணிக்கு நான்காவதாக ஒரு புள்ளிக் குவிப்பாளர் தேவைப்படவில்லை. பந்தை அம்மூவரிடம் சேர்ப்பவரும், எதிரணியின் பந்துகையாளியை விடாது நெருக்கித் தடுப்பவருமே தேவைப்பட்டார். பெரோட் இப்பணியை ஏற்றுக்கொண்டார். எதிரணி வீராங்கனை பந்தைத் தரையில் தட்டிச் செல்லும்போது தாழ்ந்து நின்று பறிப்பதற்கு அவரது உயரக் குறைவு இடையூறாக இருக்கவில்லை.

இத்தகைய பணிக்கு ஏற்ற அளவில் புகழ் கிடைப்பதில்லை. கூப்பர் 1997, 1998 ஆகிய இரு பருவங்களிலும் சங்கத்தின் மிகச் சிறந்த வீராங்கனையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1998 இல் சங்கத்தின் சிறந்த ஐவர் பட்டியலில் காமெட்ஸ் அணியின் மூன்று நட்சத்திரங்களும் இடம்பெற்றனர். பின்னாளில் பயிற்றுநர் சான்சலர் (2007), கூப்பர் (2010), ஸ்வூப்ஸ் (2016), தாம்சன் (2018) ஆகிய நால்வரும் நெய்ஸ்மித் கூடைப்பந்துப் புகழவையில் சேர்க்கப்பட்டனர். சங்கத்தின் முதலாவது அனைத்து நட்சத்திர ஆட்டம் ஜூலை 1999 இல் தான் நடைபெற்றது. அப்போது பெரோட் நோயுற்றிருந்தார்.

நோயும் மறைவும்

பிப்ரவரி 1999 இல் பெரோட்டுக்கு நுரையீரல் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டது. நோய் அதற்குள் மூளைக்கும் பரவியிருந்தது. மூளையிலிருந்த கட்டிகளை அகற்ற அவருக்கு அறுவை மருத்துவம் செய்யப்பட்டது. அதே மாதத்தில் அவருடைய நெருங்கிய தோழியான சிந்தியா கூப்பரின் தாயாரும் மார்பகப் புற்றுநோயால் காலமானார். ஆறு மாத இடைவெளியில் தாயையும் தோழியையும் ஒரே வகை நோய்க்குக் கூப்பர் பறிகொடுக்க நேர்ந்தது.

1999 பருவத்தில் பெரோட் ஆடவில்லை. அவரது இடத்தில் சோனியா ஹென்னிங் ஆடினார். அமெரிக்காவில் மேற்கொண்ட மருத்துவத்துக்குப் பின் பெரோட் மெக்சிகோ நாட்டின் டிஜுவானா நகருக்குச் சென்று அங்கு மாற்று மருத்துவம் பெற்றார். ஆயினும் நோய் தணியவில்லை. இறுதிக் கட்டத்தில் ஹியூஸ்டனுக்குத் திரும்பிய அவர், ஆகஸ்ட் 19, 1999 அன்று அந்நகரின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் உயிர் நீத்தார். நோய் கண்டறியப்பட்டு ஏறத்தாழ ஆறு மாதங்களே ஆகியிருந்தன.

மூன்றாவது வாகைப்பட்டம்

பெரோட் மறைந்தபோது காமெட்ஸ் அணி தன் மூன்றாவது வாகைப்பட்டத்தை நோக்கி ஆடிக்கொண்டிருந்தது. அப்பட்டத்தை அவருக்கே உரியதாக்க வேண்டும் என்ற முழக்கம் ஹியூஸ்டன் பார்வையாளர்களிடையே எழுந்தது. இறுதித் தொடரில் எதிரணியாக நியூயார்க் லிபர்ட்டி மீண்டும் வந்தது. நியூயார்க்கில் நடந்த முதல் ஆட்டத்தைக் காமெட்ஸ் 73–60 என வென்றது.

செப்டம்பர் 4 அன்று ஹியூஸ்டனில் நடந்த இரண்டாம் ஆட்டத்தின் இறுதி நொடிகளில் காமெட்ஸ் இரண்டு புள்ளிகள் முன்னிலையில் இருந்தது. வெற்றி உறுதி என எண்ணி அரங்கில் வண்ணக் காகிதத் துணுக்குகள் தூவப்படத் தொடங்கின. அவ்வேளையில் தெரேசா வெதர்ஸ்பூன் களத்தின் மறுபாதியிலிருந்து எறிந்த பந்து கூடையில் விழுந்தது. லிபர்ட்டி அணி 68–67 என வென்றது. இவ்வெறி சங்க வரலாற்றின் மிகவும் அறியப்பட்ட நிகழ்வுகளுள் ஒன்றாகும்.

மறுநாள் செப்டம்பர் 5 அன்று மூன்றாம் ஆட்டம் நடைபெற்றது. பெரோட் மறைந்து 17 நாட்களே ஆகியிருந்தன. காமெட்ஸ் லிபர்ட்டியை 47 புள்ளிகளுக்குள் கட்டுப்படுத்தி, 59–47 என்ற கணக்கில் வென்றது. ஆட்டம் முடிந்ததும் வீராங்கனைகள் பெரோட்டின் 10 ஆம் எண் சட்டையை ஏந்திக் கொண்டாடினர்.

நினைவுகள்

காமெட்ஸ் அணி பெரோட் அணிந்த 10 என்ற எண்ணை வேறெவருக்கும் வழங்குவதில்லை என முடிவு செய்து அதற்கு ஓய்வளித்தது. சங்க வரலாற்றில் இவ்வாறு ஓய்வளிக்கப்பட்ட முதல் எண் இதுவே ஆகும். எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் இளம் புற்றுநோயாளிகள் பொழுதைக் கழிப்பதற்கான ஓர் இடம் பெரோட்டின் நினைவாக, கிம்ஸ் பிளேஸ் என்ற பெயரில் அமைக்கப்பட்டது.

பெண்கள் தேசியக் கூடைப்பந்துச் சங்கம் தன் முதல் பருவத்திலிருந்தே விளையாட்டுப் பண்புக்கான விருது ஒன்றை வழங்கி வருகிறது. 1997 இல் சீனாவைச் சேர்ந்த செங் ஹாய்சியா இதனைப் பெற்றார். அவரது உயரம் 6 அடி 8 அங்குலம். பெரோட்டின் மறைவுக்குப் பின் இவ்விருது கிம் பெரோட் விளையாட்டுப் பண்பு விருது எனப் பெயரிடப்பட்டது. களத்தில் நேர்மையோடும் எதிரணியினரிடம் மதிப்போடும் நடந்துகொள்ளும் வீராங்கனைக்கு இது வழங்கப்படுகிறது. நெக்கா ஒகுமிக்கே 2019, 2020, 2021 ஆகிய மூன்று ஆண்டுகள் தொடர்ந்து இவ்விருதைப் பெற்றார்.

காமெட்ஸ் 2000 ஆம் ஆண்டிலும் வென்று, தொடர்ச்சியாக நான்கு வாகைப்பட்டங்கள் பெற்ற அணியானது. பின்னர் உரிமையாளர் கிடைக்காத நிலையில் டிசம்பர் 2008 இல் அணி கலைக்கப்பட்டது. அவ்வணி ஆடிய அரங்கம் 2005 இல் கிறித்தவ வழிபாட்டு இடமாக மாற்றப்பட்டிருந்தது. பெரோட் இச்சங்கத்தில் ஆடியவை இரண்டே பருவங்கள். அவர் ஆடுவதை ஒருபோதும் கண்டிராத தலைமுறையைச் சேர்ந்த வீராங்கனைகளும் இன்று அவரது பெயரிலான விருதைப் பெறுகின்றனர்.