அலைகளைக் கணக்கிட்ட பிரபு

1842 இல் இங்கிலாந்தின் எசெக்ஸில் பிறந்த ஜோன் வில்லியம் ஸ்ட்ரட் சிறுவயதிலேயே அடிக்கடி நோயுற்றார். பாடசாலைக் கல்வி பலமுறை தடைப்பட்டது. ஆயினும் 1865 இல் கேம்பிரிட்ஜ் கணிதப் பரீட்சையில் முதலிடம் பெற்றார். 1872 இல் வாதக்காய்ச்சலிலிருந்து மீண்டு, உடல்தேற எகிப்து சென்றவர், நைல் நதிப் படகிலேயே ஒலியியல் பற்றிய தமது பெருநூலை எழுதத் தொடங்கினார். மறு ஆண்டு தந்தை இறக்க, றேலி பிரபுவானார்.

ஒரே சுருதியுடைய பல அதிர்வுகள் ஒழுங்கின்றி ஒன்றுசேர்ந்தால் விளையும் வீச்சம் எவ்வளவு? சில அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்தும், சில அழித்துவிடும். ஆகவே விடையை நிகழ்தகவாகவே கூறலாம் என 1880 இல் காட்டினார். அதுவே றேலி பரம்பல்.

ராம்சேயுடன் ஆகன் வாயுவைக் கண்டறிந்த அவர், 1904 இல் நோபல் பரிசு பெற்று, அப்பணத்தைப் பல்கலைக்கழகத்துக்கே வழங்கினார். 1919 இல் காலமானார்.

இன்று கட்டடங்களில் மோதிச் சிதறிவரும் கையடக்கத் தொலைபேசி அலைகளுக்கும் அவரது கணக்குப் பொருந்துகிறது. அதன்படி, சமிக்ஞையின் வலு சராசரியின் நூறிலொரு பங்கிற்கும் கீழே விழ நூற்றுக்கு ஒரு வாய்ப்புண்டு. உரையாடலில் அது சிறு தடங்கல். தொலைவிலிருந்து இயக்கும் சத்திரசிகிச்சைக் கருவிக்கோ பேராபத்து. ஐந்தாம் தலைமுறைத் தொடர்பாடல், ஒரு மில்லிசெக்கனுக்குள் செய்தி சேரவும் இலட்சத்தில் ஒன்றுக்கு மேல் தவறாதிருக்கவும் முயல்கிறது. நோயோடு வாழ்ந்தவரின் கணக்கு, நோயாளரைக் காக்கும் முயற்சிக்கும் அடிப்படையாயிற்று.