நடந்தே தேய்ந்த பாதங்கள் - சுப்பிரமணிய சிவா

மாரண்டஹள்ளியில் வாழும் நமக்குப் பாப்பாரப்பட்டி அயலூர் அன்று. அம்மண்ணில்தான் 1925ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 23ஆம் நாள் சுப்பிரமணிய சிவா கண்மூடினார். அப்போது அவருக்கு அகவை நாற்பது.

வத்தலக்குண்டில் 1884 அக்டோபர் 4ஆம் நாள் பிறந்தவர். 1908இல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனாருடன் மேடையேறி, கோரல் ஆலைத் தொழிலாளர்க்காகவும் நாட்டு விடுதலைக்காகவும் முழங்கினார். பேச்சே குற்றமாயிற்று. பத்தாண்டு தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது ஆறாண்டாகக் குறைந்தது. 1912 நவம்பரில் வெளிவந்தபோது, சிறை தந்த பரிசாகத் தொழுநோய் உடலில் குடியேறியிருந்தது.

1913இல் சென்னையில் 'ஞானபானு' என்னும் திங்களிதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியது; அஞ்சிய மக்கள் நகரைவிட்டு ஓடினர். பண்டங்களின் விலை ஏறிற்று, காகிதமும் அருமைப்பட்டது. ஒருபுறம் 1910ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம். மறுபுறம் 1915இல் வந்த இந்தியப் பாதுகாப்புச் சட்டம். எழுதுகோல் பிடித்தவன் ஒவ்வொரு சொல்லையும் எண்ணி எழுத வேண்டிய காலம் அது.

அந்த நெருக்கடியிலும் புதுச்சேரியில் தஞ்சம் புகுந்திருந்த பாரதியின் எழுத்துக்கும், வறுமையில் வாடிய வ.உ.சி.யின் எழுத்துக்கும் 'ஞானபானு' இடமளித்தது. பிறமொழிச் சொல் கலவாமல் எழுதுவோர்க்கு ஐந்து ரூபாய் பரிசு என 1915இல் அறிவித்தவரும் சிவாவே. அவர் துணைவியார் மீனாட்சி அம்மையார் மறைந்ததும் அவ்வாண்டிலேதான். துயரும் பிணியும் அவரை வாட்டின. இதழ்ப் பணி நிற்கவில்லை. ஆயினும் மூன்றாண்டளவில் 'ஞானபானு' மறைந்தது.

போர் முடிந்தது, உரிமை வரவில்லை. 1919இல் ரௌலட் சட்டம் வந்தது. சிவா 1921இல் மீண்டும் சிறை புகுந்தார். பேச்சுரிமையைச் சிறையால் பறித்த அரசு, நடமாடும் உரிமையை நோயின் பெயரால் பறித்தது. தொழுநோயாளர் புகைவண்டியில் ஏறலாகாது என்ற தடை அவர்மீது விழுந்தது. சிறையிலே நோயைத் தந்தவர்களே அந்நோயைக் காட்டி வழியை மறித்தனர்! அவர் கட்டைவண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்றார். புண்பட்ட பாதங்கள் தேய்ந்தன, குரல் தேயவில்லை.

மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் வந்த சிறிய இருப்புப்பாதை 1913இல் ஒசூர்வரை நீண்டிருந்தது. நம் வட்டாரத்து எளியோரும் ஏறிச் சென்ற அந்த வண்டி சிவாவுக்கு இல்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1941இல், அப்பாதையே மூடப்பட்டது. தண்டவாளம் போயிற்று; அவர் நடந்த மண்பாதை எஞ்சியது.

பாப்பாரப்பட்டியில் நண்பர் சின்னமுத்து முதலியார் முதலானோர் துணையுடன் ஆசிரமம் கண்டார். சாதி சமய வேறுபாடின்றி எல்லோரும் வந்து வணங்கப் பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப விழைந்தார். 1923இல் சித்தரஞ்சன் தாசர் அதற்கு அடிக்கல் நாட்டினார். கோயில் எழுமுன் சிவா சாய்ந்தார். பல்லாண்டுகள் கடந்து அவ்வூரில் நினைவாலயம் எழுந்துள்ளது.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்துக் கவிஞர்கள் ஒருமுறை அங்கே சென்று நிற்க வேண்டும். தடையின்றி எழுதவும், தடையின்றி அவ்வூர் செல்லவும் இன்று நமக்கு இயல்கிறது. அவ்விரண்டும் மறுக்கப்பட்ட ஒருவர் நமக்காக நடந்திருக்கிறார் என்பதை நம் எழுத்து மறவாதிருக்கட்டும்.