இருமுறை பதவியிறக்கப்பட்ட அட்மிரல்: ரஷ்யாவின் ஒரே விமானந்தாங்கிக் கப்பலுக்குப் பெயர் தந்தவரின் கதை

ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பாலுள்ள மூர்மான்ஸ்க் துறைமுகத்தில் ஒரு பெரிய போர்க்கப்பல் ஆண்டுக்கணக்கில் அசையாமல் நிற்கிறது. ரஷ்யக் கடற்படையிடம் இருக்கும் ஒரேயொரு விமானந்தாங்கிக் கப்பல் அதுதான். 2017இல் திருத்த வேலைகளுக்காக அது சேவையிலிருந்து விலக்கப்பட்டது. 2018 ஒக்டோபரில் அது நின்றிருந்த மிதக்கும் திருத்துதளம் மூழ்கியது. சரிந்து விழுந்த பாரந்தூக்கி கப்பலின் மேல்தளத்தைக் கிழித்தது. 2019 டிசெம்பரில் உள்ளே தீப்பிடித்ததில் உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. திருத்த வேலைகள் நிறுத்தப்பட்டுவிட்டதாகவும், கப்பல் விற்கப்படலாம் அல்லது உடைக்கப்படலாம் என்றும் 2025இல் ரஷ்ய ஊடகங்களே செய்தி வெளியிட்டன.

அந்தக் கப்பலின் பெயர் 'அட்மிரல் குஸ்நெட்சொவ்'. கப்பலைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். அந்தப் பெயருக்குரிய மனிதரைப் பற்றித் தமிழில் வாசிக்கக் கிடைப்பது மிகக் குறைவு. தன் நாட்டுக்கு விமானந்தாங்கிக் கப்பல்கள் வேண்டும் என்று இரண்டு ஆட்சியாளர்களிடம் வாதாடித் தோற்றவர் அவர். இரண்டு ஆட்சியாளர்களின் காலத்திலும் தண்டிக்கப்பட்டவரும் அவரே.

வயதைக் கூட்டிச் சொன்ன சிறுவன்

நிக்கலாய் கெராசிமோவிச் குஸ்நெட்சொவ் 1904 ஜூலையில், வட ரஷ்யாவின் மெத்வெத்கி என்ற கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். 1919இல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, வட த்வீனா ஆற்றில் இயங்கிய போர்ப்படகு அணியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு 15 வயது. வயது போதாதென்று திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால் இரண்டு வயதைக் கூட்டிப் பதிந்துகொண்டார். அதனால் நெடுங்காலம் அவரது பிறந்த ஆண்டு ஆவணங்களில் 1902 என்றே இருந்தது.

1926இல் லெனின்கிராட் கடற்படைக் கல்லூரியில் தேறிய அவர் கருங்கடலுக்குப் போனார். 1933இல், 29 வயதில், 'செர்வோனா உக்ரைனா' என்ற குறூஸர் கப்பலின் கட்டளைத் தளபதியானார். கட்டளை கிடைத்தவுடன் சில நிமிடங்களில் கப்பல் சண்டைக்குத் தயாராக இருக்க வேண்டும் என்பதே அங்கு அவர் கொடுத்த பயிற்சியின் மையம். பின்னர் அவர் வாழ்வின் மிக முக்கியமான இரவுக்கான வித்து அந்தக் கப்பலில்தான் விழுந்தது.

1936இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டதும் சோவியத் கடற்படை இணைப்பாளராக அங்கு அனுப்பப்பட்டார். குடியரசுத் தரப்புக்கு ஆயுதங்கள் ஏற்றிவந்த கப்பல்களை கார்த்தஹேனா துறைமுகத்துக்குப் பாதுகாப்பாகக் கொண்டுவந்து சேர்ப்பது அவரது வேலைகளில் ஒன்று. வானிலிருந்து வரும் குண்டுக்கு முன்னால் துறைமுகத்தில் நிற்கும் கப்பல் எவ்வளவு பலவீனமானது என்பதை அங்கே நேரில் கண்டார்.

வெற்றிடத்தில் கிடைத்த பதவி

1937இல் அவர் நாடு திரும்பியபோது ஸ்டாலினின் களையெடுப்பு உச்சத்தில் இருந்தது. இராணுவத்திலும் கடற்படையிலும் மூத்த அதிகாரிகள் இரவோடிரவாகக் காணாமற்போனார்கள். அவர்களின் இடங்களுக்கு இளையவர்கள் உயர்த்தப்பட்டார்கள். 1938 ஜனவரியில் குஸ்நெட்சொவ் பசுபிக் கடற்படையணியின் தளபதியானார். 1939 ஏப்ரலில், 34 வயதில், முழுச் சோவியத் கடற்படைக்கும் பொறுப்பான மக்கள் ஆணையராக, அதாவது அமைச்சராக நியமிக்கப்பட்டார். அவருக்கு முன் அப்பதவியிலிருந்த ஃபிரினொவ்ஸ்கி அதே மாதம் கைதாகி, அடுத்த ஆண்டு சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த நாற்காலியில் அமர்வது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

அந்தப் பதவியில் அவர் செய்த மிகப் பெரிய வேலை ஒரு நடைமுறையை உருவாக்கியதுதான். எல்லாக் கடற்படையணிகளுக்கும் மூன்று நிலைத் தயார்நிலை முறையைக் கொண்டுவந்தார். மூன்றாம் நிலை வழமையானது. இரண்டாம் நிலையில் எரிபொருளும் வெடிபொருளும் ஏற்றப்படும், விடுமுறைகள் குறைக்கப்படும். முதலாம் நிலை என்றால் ஒவ்வொருவரும் தன் பீரங்கி அருகே நிற்க வேண்டும். நீண்ட கட்டளைக் கடிதங்கள் தேவையில்லை, ஒரு இலக்கம் போதும். இதைத் திரும்பத் திரும்பப் பயிற்சி செய்ய வைத்தார்.

1941 மார்ச்சில், எல்லை தாண்டிவரும் ஜேர்மன் உளவு விமானங்களைச் சுடுமாறு அவர் கட்டளையிட்டார். ஸ்டாலின் அவரை அழைத்துக் கண்டித்தார். இரகசியப் பொலிஸ் தலைவர் பெரியாவும் உடனிருந்தார். ஹிட்லரைச் சீண்டக்கூடாது என்பதே அன்றைய கொள்கை. கட்டளை மீளப்பெறப்பட்டது. குஸ்நெட்சொவும் அந்தக் காற்றிலிருந்து தப்பியவர் அல்லர். மே மாதத்தில், படையெடுப்பு வரப்போகிறது என்று பெர்லினிலிருந்த தன் கடற்படை இணைப்பாளர் அனுப்பிய தகவலை ஸ்டாலினுக்கு அனுப்பியபோது, இது திட்டமிட்டுப் பரப்பப்பட்ட பொய்யாக இருக்கலாம் என்ற தன் கருத்தையும் சேர்த்தே அனுப்பினார். ஆட்சியாளர் எதைக் கேட்க விரும்புகிறார் என்பது நல்ல அதிகாரியின் பேனாவையும் வளைத்துவிடுகிறது.

ஜூன் 22இன் அதிகாலை

ஆனால் ஜூன் மாதம் நெருங்க நெருங்க அவர் அந்தக் கருத்திலேயே தங்கியிருக்கவில்லை. ஜூன் 19ஆம் திகதிக்குள் கடற்படையணிகள் இரண்டாம் நிலைத் தயார்நிலைக்குக் கொண்டுவரப்பட்டிருந்தன. 21ஆம் திகதி இரவு 11 மணியளவில், தாக்குதல் நடக்கக்கூடும் என்று பாதுகாப்பு ஆணையர் திமோஷென்கோவும் தலைமைத் தளபதி சூக்கொவும் அவருக்கு அறிவித்தார்கள். அவர் உடனே முதலாம் நிலைக்கான கட்டளையைத் தந்தியில் அனுப்பினார். தந்தி போய்ச் சேர நேரமாகலாம் என்று, பால்டிக், வடக்கு, கருங்கடல் அணிகளைத் தானே தொலைபேசியில் அழைத்துச் சொன்னார்.

அதிகாலை மூன்று மணிக்குப் பின் ஜேர்மன் விமானங்கள் செவஸ்டபோல் துறைமுகத்தின் மேல் வந்தபோது நகரின் விளக்குகள் அணைக்கப்பட்டிருந்தன. விமான எதிர்ப்புப் பீரங்கிகள் சுடத் தொடங்கின. அதே நேரத்தில் தரைப்படையின் விமானங்கள் பல ஓடுபாதைகளில் வரிசையாக நின்றபடியே எரிந்துகொண்டிருந்தன. அந்த முதல் வான் தாக்குதலில் கடற்படை ஒரு போர்க்கப்பலையும் இழக்கவில்லை.

செவஸ்டபோலிலிருந்து தகவல் வந்ததும் குஸ்நெட்சொவ் ஸ்டாலினைத் தொலைபேசியில் தேடினார். கிடைக்கவில்லை. கடைசியில் கிடைத்த மலென்கொவ் அதை நம்பவில்லை. சரிபார்ப்பதற்காகச் செவஸ்டபோலுக்கே அழைப்பெடுத்தார். போர் தொடங்கிவிட்டது என்பதை நாட்டின் தலைமைக்கு நம்பவைப்பதே அந்த அதிகாலையின் கடினமான வேலையாக இருந்தது.

அதன்பின் வந்த மாதங்கள் கொடூரமானவை. 1941 ஓகஸ்ட் 7ஆம் திகதி இரவு, பால்டிக் கடலிலுள்ள ஒரு தீவிலிருந்து புறப்பட்ட கடற்படை விமானங்கள் பெர்லின் மீது குண்டு வீசின. அந்தத் திட்டத்தை ஸ்டாலினிடம் கொண்டுபோனவர் குஸ்நெட்சொவ். அதே மாத இறுதியில் தாலின் துறைமுகத்திலிருந்து பின்வாங்கிய கப்பல்கள் கடற்கண்ணிகளில் சிக்கின. ஆயிரக்கணக்கானோர் கடலில் மாண்டனர். போரின் முடிவில் யால்டா, பொட்ஸ்டாம் மாநாடுகளுக்குச் சென்ற சோவியத் குழுவில் அவரும் இருந்தார். 1945 செப்டெம்பரில் 'சோவியத் ஒன்றியத்தின் வீரர்' விருது கிடைத்தது.

முதலாவது தண்டனை

போர் முடிந்ததும் புதிய கடற்படைக்கான பத்தாண்டுத் திட்டம் தயாரானது. பசுபிக்கில் அமெரிக்க, ஜப்பானியக் கடற்படைகள் மோதிய விதத்தைக் கவனித்திருந்த குஸ்நெட்சொவ், விமானந்தாங்கிக் கப்பல்கள் இல்லாத கடற்படை இனிக் கரையை விட்டு அதிகதூரம் போக முடியாது என்று கருதினார். ஸ்டாலினுக்கோ பெரிய பீரங்கிகள் பூட்டிய குறூஸர்களில்தான் பிரியம். இறுதித் திட்டத்தில் விமானந்தாங்கிகள் இல்லை.

அடுத்த மோதல் பால்டிக் அணியைப் பற்றியது. அதை இரண்டாகப் பிரிக்க ஸ்டாலின் விரும்பினார். சிறிய கடலில் இரண்டு தலைமை தேவையில்லை என்று குஸ்நெட்சொவ் எதிர்த்தார். 1946இல் அது பிரிக்கப்பட்டது. பசுபிக் அணியும் அவ்வாறே பிரிந்தது. 1950களின் நடுப்பகுதிக்குள் இரண்டும் மீண்டும் ஒன்றாக்கப்பட்டன. ஆனால் எதிர்த்தவர் 1947இலேயே பதவி நீக்கப்பட்டுவிட்டார்.

1948 ஜனவரியில், போர்க்கால நட்பு நாடுகளான பிரித்தானியாவுக்கும் அமெரிக்காவுக்கும் டொர்பிடோ முதலியவற்றின் இரகசியங்களைக் கொடுத்ததாகக் குற்றஞ்சாட்டி அவரும் மூன்று அட்மிரல்களும் விசாரணைக்கு நிறுத்தப்பட்டனர். கல்லெர், அலஃபூசொவ், ஸ்டெபானொவ் ஆகிய மூவரும் சிறைக்குப் போனார்கள். கல்லெர் சிறையிலேயே இறந்தார். குஸ்நெட்சொவ் மூன்று படிகள் இறக்கப்பட்டு ரியர் அட்மிரலாகத் தூர கிழக்குக்கு அனுப்பப்பட்டார்.

அங்கே மறுபடியும் அடியிலிருந்து வேலை செய்தார். 1951இல் ஸ்டாலினே அவரைத் திருப்பி அழைத்துக் கடற்படை அமைச்சராக்கினார். ஸ்டாலினின் மறைவுக்குப் பின், 1953இல், வழக்கு பொய்யானது என்று ஏற்கப்பட்டுப் பழைய தரம் திரும்பக் கிடைத்தது.

இரண்டாவது தண்டனை

1955 மார்ச்சில் 'சோவியத் ஒன்றியத்தின் கடற்படையணி அட்மிரல்' என்ற மிக உயர்ந்த தரம் அவருக்கு வழங்கப்பட்டது. சோவியத் வரலாற்றில் மூவருக்கே கிடைத்த தரம் அது. ஆனால் அதற்குள் குருஷேவுடன் உறவு கசந்துவிட்டது. அணுவாயுதமும் ஏவுகணையும் வந்தபின் பெரிய மேற்பரப்புக் கப்பல்கள் வீண் செலவு என்பது குருஷேவின் எண்ணம். நீர்மூழ்கிகளையும் ஏவுகணைகளையும் குஸ்நெட்சொவும் விரும்பினார். ஆனால் அவற்றுக்கு வானிலிருந்து பாதுகாப்பு வேண்டும், எல்லா வகையும் சமநிலையில் வேண்டும் என்றார். பாதுகாப்பு அமைச்சராக இருந்த சூக்கொவுடனும் அவருக்கு ஒத்துப்போகவில்லை. மே மாதத்தில் மாரடைப்பு வந்தது. பதவியிலிருந்து விடுவிக்குமாறு அவரே கேட்டார்.

1955 ஒக்டோபர் 29ஆம் திகதி அதிகாலை, செவஸ்டபோலில் நங்கூரமிட்டிருந்த 'நொவொரொஸிஸ்க்' போர்க்கப்பலின் அடியில் வெடிப்பு நிகழ்ந்தது. இத்தாலியிடமிருந்து போர் இழப்பீடாகப் பெறப்பட்ட கப்பல் அது. சில மணிநேரத்தில் கவிழ்ந்தது. 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கரைக்கு மிக அருகில், மாலுமிகளை உரிய நேரத்தில் இறக்காமல் விட்டதே இத்தனை உயிர்களைக் குடித்தது. பழைய ஜேர்மன் கடற்கண்ணியே காரணம் என்று விசாரணைக் குழு சொன்னது. வேறு ஊகங்கள் இன்றுவரை ஓயவில்லை.

குஸ்நெட்சொவ் அப்போது நோய் விடுப்பில் இருந்தார். அவருக்குப் பதிலாகக் கடற்படையை நடத்திக்கொண்டிருந்தவர் செர்கேய் கோர்ஷ்கொவ். சில மாதங்களுக்கு முன்புவரை கருங்கடல் அணியின் தளபதியாக இருந்தவரும் அவரே. ஆயினும் பழி குஸ்நெட்சொவின் தலையில் விழுந்தது. 1956 பெப்ரவரியில் அவர் வைஸ் அட்மிரலாக இறக்கப்பட்டு, மீண்டும் சேவைக்கு வரும் உரிமையும் இன்றி ஓய்வுக்கு அனுப்பப்பட்டார். அவரது இடத்துக்கு வந்த கோர்ஷ்கொவ் 1985 வரை பதவியில் நீடித்தார். திட்டத்திலிருந்த இலகுரக விமானந்தாங்கிக் கப்பல்களும் கைவிடப்பட்டன.

அப்போது அவருக்கு 51 வயது. ஆங்கிலம் கற்றார், மொழிபெயர்த்தார், நினைவுக்குறிப்புகள் எழுதினார். ஜூன் 22ஆம் திகதி இரவைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி அந்தப் புத்தகங்களிலிருந்து வந்ததே. தரத்தைத் திருப்பித் தருமாறு பலர் கேட்டும் பலனில்லை. 1974 டிசெம்பர் 6ஆம் திகதி காலமானார். விமானங்களைச் சுமந்த முதலாவது சோவியத் போர்க் குறூஸரான 'கியெவ்' சேவைக்கு வந்தது அதற்கு ஓராண்டின் பின்னர்தான்.

பெயர் திரும்பியது, கப்பல் திரும்பவில்லை

மனைவி வேராவும் பழைய தோழர்களும் விடவில்லை. 1988 ஜூலையில், இறந்து 14 ஆண்டுகளுக்குப் பின், அவரது தரம் மீட்கப்பட்டது. அந்நேரம் உக்ரைனின் மிக்கொலாயிவ் தளத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த விமானந்தாங்கிக்கு, 'ரீகா', 'பிரெஷ்னெவ்', 'திபிலிசி' என்ற பெயர்கள் ஒவ்வொன்றாக மாறி, 1990இல் அவரது பெயர் வந்து சேர்ந்தது. அதன் சகோதரக் கப்பல் பாதியில் நின்று, சீனாவுக்கு விற்கப்பட்டு, இன்று 'லியாவோனிங்' என்று ஓடுகிறது. கோர்ஷ்கொவின் பெயரைத் தாங்கிய இன்னொரு கப்பல் இந்தியாவுக்குப் போய் 'விக்கிரமாதித்யா' ஆகி, நம்மைச் சூழ்ந்த சமுத்திரத்திலேயே நடமாடுகிறது. ரஷ்யாவிடம் எஞ்சியது அந்த ஒன்றுதான்.

இன்றைய ரஷ்யக் கடற்படை வடக்கு, பசுபிக், பால்டிக், கருங்கடல் என்ற நான்கு அணிகளும் கஸ்பியன் சிற்றணியுமாக அமைந்துள்ளது. அணுசக்தி நீர்மூழ்கிகள் வடக்கு, பசுபிக் அணிகளில் மட்டுமே உள்ளன. கடற்படையின் உண்மையான பலமும் அவைதான். நீருக்கு மேலே நிலைமை வேறு. 2022 ஏப்ரலில் கருங்கடல் அணியின் தலைமைக் கப்பல் 'மொஸ்க்வா' மூழ்கியது. தமது ஏவுகணைகள் தாக்கியதாக உக்ரைன் சொன்னது. தீயும் வெடிபொருளும் காரணம் என்றது ரஷ்யா. அதன்பின் வான், கடல் ட்ரோன்களின் தாக்குதல்களால் அணியின் பெரும்பகுதி செவஸ்டபோலை விட்டுக் கிழக்கே நொவொரொஸிஸ்க் துறைமுகத்துக்கு ஒதுங்கியது.

வானிலிருந்து வரும் ஆபத்துக்கு முன்னால் துறைமுகக் கப்பலின் பலவீனம், சரியான நேரத்தில் தயார்நிலை, சமநிலையான கடற்படை: குஸ்நெட்சொவ் வாழ்நாள் முழுதும் பேசியவை இவைதான். 1941இல் ஒரே ஒரு இரவு அவர் சொன்னது அப்படியே நடந்தது. அன்று கப்பல்கள் தப்பின. மற்ற நாள்களில் அவர் பேச்சைக் கேட்காமல் இருக்க ஆட்சியாளர்களுக்கு அதிகாரம் இருந்தது. ஒரு கப்பலுக்கு அவரது பெயரை எழுதுவது அவர்களுக்கு எளிதாக இருந்தது. அந்தக் கப்பல் இப்போது மூர்மான்ஸ்கில் துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது.