தமிழில் நோய் கேட்ட மருத்துவர்

மருத்துவரின் மருந்துக்கு முன் அவர் சொல் நோயாளியை அடைகிறது. அச்சொல் அவனுக்கு விளங்க வேண்டாமா? இவ்வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாக்கியவர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

அமெரிக்காவில், மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், 1822இல் பிறந்த கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார், தமிழ் கற்றார். மானிப்பாயில் நோயாளிகளைக் கவனித்துக்கொண்டே, உள்ளூர் இளைஞர்களுக்கு மேலை மருத்துவம் போதித்தார். முதலில் பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. ஆங்கிலம் படித்தவர்கள் அரசுப் பணி தேடிச் சென்றனர். கிராமத்தாரோ வைத்தியரின்றித் தவித்தனர். ஆகவே 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். கலைச்சொற்களைத் தொகுத்தார். அவர் முயற்சியால் 1867இல் ‘இரண வைத்தியம்’, 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ ஆகிய நூல்கள் வெளிவந்தன. 1884இல் தம் தாயகத்தில் மறைந்தார்.

பாகூர் கொம்யூனில் பிறந்தவன் நான். எங்கள் ஊர்ப் பாட்டிமார் குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல் என வலியை வகைபிரித்துச் சொல்வார்கள். ஒவ்வொரு சொல்லும் ஒரு நோய்க்குறியன்றோ! மருத்துவர் என்ன கேட்டார், நோயாளி என்ன சொன்னார், இடையில் எது விடுபட்டது என்று ஆராய்வது தமிழ் மாணவருக்கும் உரிய பணியே என்பதைக் கிறீனின் வாழ்விலிருந்து கற்றேன். நண்பர்களே, வில்லியனூரிலும் பாகூரிலும் அச்சொற்களைத் தொகுக்கப் புறப்படுவோம்.