நின்ற மெஷினுக்குக் கணக்கு எழுதியவர்

மெக்கானிக்கல், சிவில், எம்.பி.ஏ. எதுவா இருந்தாலும் 'கேன்ட் சார்ட்' உங்களுக்குப் புதுசில்லை. ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முதல் நாள் ராத்திரி எக்செல்ல கலர் கலரா பட்டை இழுத்திருப்பீங்க. அந்தப் பட்டைக்குச் சொந்தக்காரரை அதிகம் உறுத்தின விஷயம் ஒண்ணு: சும்மா நிற்கிற மெஷின்.

ஹென்றி லாரன்ஸ் கேன்ட் 1861 மே 20-ல் அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் பிறந்தார். அடிமைகளை வைத்து விவசாயம் செய்த வசதியான குடும்பம். உள்நாட்டுப் போரோடு அந்தச் சொத்தெல்லாம் போச்சு. ஏழைப் பையன்களுக்கான பள்ளியில் படித்தவர், 1880-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பட்டம் வாங்கினார். பிறகு கொஞ்ச காலம் வாத்தியார் வேலை. 1884-ல் ஸ்டீவன்ஸ் கல்லூரியில் மெக்கானிக்கல் முடித்தார்.

1887-ல் மிட்வேல் ஸ்டீல் கம்பெனி. அங்கேதான் ஸ்டாப்வாட்ச் புகழ் டெய்லரோடு சேர்ந்தார். டெய்லரின் கூலி முறையில், குறித்த வேலையை முடிக்காத தொழிலாளிக்கு ரேட்டே குறையும். கேன்ட் 1901-ல் பெத்லஹேம் ஸ்டீலில் இதை மாற்றினார். நாள் கூலி நிச்சயம், முடித்தால் போனஸ். ஆட்கள் போனஸ் வாங்கினால் ஃபோர்மேனுக்கும் போனஸ். அதனால திட்டுறதை விட, கத்துக்கொடுக்கிறதே ஃபோர்மேனுக்கு லாபமாச்சு.

1915-ல் உற்பத்திக்கும் செலவுக்கும் உள்ள உறவைப் பற்றி அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். அதன் சாரத்தை நம்ம கணக்கில் பாருங்க. ஒரு பட்டறைக்கு மாசச் செலவு 30,000 ரூபாய். 1,000 பீஸ் செய்தால் பீஸுக்கு 30. பாதி நாள் மெஷின் நின்னு 500 பீஸ்தான் வந்தது என்றால் பீஸுக்கு 60. முதலாளி விலையை ஏத்துவார், ஆர்டர் போகும், மெஷின் இன்னும் நிற்கும். கேன்ட் சொன்ன வழி வேறு. பீஸ் மேல 30 மட்டும் வையுங்க. மிச்சம் 15,000 ரூபாய் சும்மா நின்றதின் நஷ்டம். அதைத் தனியா எழுதி, நிர்வாகத்தைப் பதில் சொல்லச் சொல்லுங்க.

அவர் சார்ட்டும் இதே வேலையைத்தான் செய்தது. மெஷினுக்கு ஒரு வரிசை, நாளுக்கு ஒரு கட்டம். ஓடின நேரத்துக்குக் கோடு. ஓடாத இடத்தில் காரணத்துக்கு ஒரு எழுத்து: ஆள் இல்லை, பொருள் வரலை, கரண்ட் இல்லை, ரிப்பேர், ஆர்டர் இல்லை. இதில் பெரும்பாலானது தொழிலாளி கையில் இல்லை என்பது ஒரே பார்வையில் தெரிஞ்சிடும். முதல் உலகப் போரில் அமெரிக்காவின் ஆயுத உற்பத்திக்கும் கப்பல் கட்டுமானத்துக்கும் இந்த சார்ட்டுகள் உதவின.

1919 நவம்பர் 23-ல், 58 வயதில் கேன்ட் இறந்தார். 1922-ல் அவரோடு வேலை பார்த்த வாலஸ் கிளார்க் எழுதிய புத்தகம் சார்ட்டை உலகமெங்கும் கொண்டு போச்சு. போகப் போக பட்டை நிலைச்சது. காரணம் எழுதும் பழக்கம்தான் பல இடத்தில் காணாமல் போச்சு.

மாரண்டஹள்ளியில் ஒரு லேத் பட்டறையை நினைச்சுப் பாருங்க. மாதாந்திர மின்தடை முன்னாடியே தெரியும். அந்த நேரத்தை சார்ட்டில் முதலில் அடைச்சிட்டு, நடுவில் நிறுத்த முடியாத வேலையை அதுக்கு முன்னாடியே முடியுற மாதிரி வைக்கணும். சின்ன வேலைகளை மீதி இடைவெளியில் நிரப்பலாம். திடீர்னு பேரிங் போனால் அதை முன்கூட்டி அடைக்க முடியாது; ஆனா எழுதி வைக்கலாம். மூணு மாசத்தில் எந்த மெஷின் அடிக்கடி படுக்குதுன்னு தெரியும். அடுத்த திட்டத்தில் அதுக்கு இடம் விடலாம்.

ஓசூர் கம்பெனிக்கு இன்ப்ளான்ட் ட்ரெயினிங் போறீங்களா? நிற்கிற மெஷினைப் பார்த்தால், பக்கத்தில் நிற்கிறவரை முறைக்காதீங்க. ஏன் நிற்குதுன்னு கேட்டு, நோட்டில் குறிச்சுக்கோங்க.